வழுவும் அமைதியும்: பிரித்தானியத் துப்பறியும் தொடர்களும் சுவைஞர் உரையும்

பிரித்தானியத் தொலைக்காட்சியின் துப்பறியும் தொடர்களையும் முற்கால வாழ்வைக் காட்டும் தொடர்களையும் பற்றி அவற்றின் சுவைஞர்கள் நிகழ்த்தும் வாதங்களை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். சுவைஞர் ஆய்வில் பெரிதும் எடுத்தாளப்படும் ஹென்றி ஜென்கின்ஸ் 1992-இல் வெளியிட்ட நூலில், சுவைஞரைப் பிறர் நிலத்துள் புகுந்து வேட்டையாடுவோராக உருவகித்தார். மூலத்திலிருந்து தமக்கு வேண்டியதைக் கவர்ந்து செல்வோர் அவர் என்பது அவ்வுருவகத்தின் கருத்து. துப்பறியும் தொடர்களின் சுவைஞரை அவ்வுருவகம் பாதியளவே விளக்குகிறது. இவர்கள் மூலத்திலிருந்து எடுப்பதைக் காட்டிலும் மூலத்திற்குக் கொடுப்பதே மிகுதி. முரண் காண்கின்றனர், தடை எழுப்புகின்றனர், விடை கூறுகின்றனர், அவ்விடையை மற்றொருவர் மறுக்கிறார். சேனாவரையரைப் பயின்றவர்க்கு இந்நடை புதிதன்று.

எனவே வழு, வழுவமைதி என்னும் நம் இலக்கணக் கலைச்சொற்கள் இரண்டும் ஈண்டுப் பயன்கொள்ளப்படுகின்றன. இலக்கண நெறியில் பிழையாயினும் ஏதேனும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. கதையில் காணும் முரணுக்கும், அதனைக் கதைக்குள்ளேயே பொருந்தச் செய்யும் விளக்கத்திற்கும் அச்சொற்கள் இங்கு விரித்துக் கொள்ளப்படுகின்றன.

தோளும் காலும்

இம்மரபு தொலைக்காட்சிக்கு முற்பட்டது. 1911-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரொனால்டு நாக்ஸ் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். விவிலியத்தின் நூலாசிரியர் யார், எப்பகுதி பிற்சேர்க்கை என ஆராய்ந்த செருமானியத் திறனாய்வு முறையை எள்ளுவதே அவர் கருத்து. அதன்பொருட்டு அம்முறையை ஹோம்ஸ் கதைகள்மேல் ஏற்றிக் காட்டினார். எள்ளலாகத் தொடங்கியது முறையாகவே நிலைத்தது. 1934-இல் நியூயார்க்கில் கிறிஸ்டஃபர் மோர்லியும், 1951-இல் இலண்டனில் வேறு சிலரும் நிறுவிய கழகங்களில் இது வளர்ந்தது. ஹோம்ஸும் வாட்சனும் உண்மையில் வாழ்ந்தவர்; கதைகள் வாட்சன் எழுதிய குறிப்புகள்; ஆர்தர் கோனன் டாயில் அவற்றை வெளியிட உதவியவரே. இக்கற்பனையை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வதே விளையாட்டின் விதி. (நாக்ஸ் பின்னர்க் கத்தோலிக்கக் குருவாகி விவிலியத்தையே மொழிபெயர்த்தார் என்பது ஒரு சுவையான முரண்.)

இவ்விதியை ஏற்றால் ஆசிரியரின் மறதி என்று ஒன்று இல்லாதொழிகிறது. 1887-இல் வெளிவந்த முதல் கதையில் ஆப்கானியப் போரில் வாட்சனின் தோளில் குண்டு பாய்ந்தது; 1890-இல் வந்த இரண்டாம் கதையில் அப்புண் காலில் இருக்கிறது. டாயில் மறந்துவிட்டார் என்பது நேரிய விடை. ஆனால் அது விளையாட்டுக்குப் புறம்பான விடை. ஆகவே இரு புண்கள் என்றனர் சிலர். ஒரே குண்டு இரண்டிடத்தும் ஊறு செய்யுமாறு வாட்சன் எவ்வாறு அமர்ந்திருந்தார் என்றும் ஆராய்ந்தனர். மற்றொரு வழு பெயர்பற்றியது. ஜான் எச். வாட்சன் எனப்படும் அவரை 1891-இல் வெளிவந்த கதையொன்றில் அவர் மனைவி ஜேம்ஸ் என விளிக்கிறார். துப்பறியும் புதின ஆசிரியரான டாரதி சேயர்ஸ் இதற்கு ஓர் அமைதி கண்டார். ‘எச்’ என்பது ஹேமிஷ். அது ஜேம்ஸ் என்பதன் ஸ்காட்லாந்து வடிவம். மனைவி அந்நடுப்பெயரை ஆங்கிலப்படுத்தி அழைத்தார். மூலத்தில் ஹேமிஷ் என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. எனினும் ஓர் எழுத்தையும் ஒரு விளியையும் கொண்டு ஒரு பெயரை மீட்டெடுத்த இவ்வுரை வலிந்து கொண்ட பொருளாகத் தோன்றவில்லை. சொல்லியல் அறிவு அதற்குத் துணைநிற்கிறது.

இவ்வமைதிகள் பின்னர் அடைந்த நிலையே நம் கவனத்திற்குரியது. 2010-இல் பி.பி.சி. ஒளிபரப்பத் தொடங்கிய ‘ஷெர்லக்’ தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மொஃபாட், மார்க் கேட்டிஸ் இருவரும் நெடுநாளைய ஹோம்ஸ் சுவைஞர்கள். அவர்தம் வாட்சன் முதற்பகுதியில் கால் நொண்டி ஊன்றுகோலுடன் வருகிறார். ஆயின் குண்டு பாய்ந்தது தோளில். கால்நோவு உள்ளத்தின் விளைவு. நூறாண்டுக்கு மேற்பட்ட தடையொன்றுக்கு இவ்வாறு மூலமே விடை கூறிற்று. 2012-இல் வந்த ஒரு பகுதியில் வாட்சன் தம் முழுப்பெயரை ஜான் ஹேமிஷ் வாட்சன் எனத் தாமே சொல்கிறார். சேயர்ஸின் உரை மூலத்துள் புகுந்துவிட்டது. ஓலைச்சுவடியில் இது நிகழ்ந்திருப்பின் இடைச்செருகல் எனப் பெயரிட்டு நீக்கியிருப்போம். இங்கு அதனைச் செருகியவரே மூலத்தின் ஆசிரியர்.

கால வழு

முற்காலச் சூழல் நாடகங்களில் வழுவின் இயல்பு வேறு. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு தொடங்கும் ‘டவுன்டன் ஆபி’ (ஐ.டி.வி., 2010–2015) ஒளிபரப்பான முதலாண்டிலேயே, வீட்டின்மேல் தொலைக்காட்சி அலைவாங்கியும் தெருவோரம் வாகனம் நிறுத்தத் தடைசெய்யும் மஞ்சள் கோடுகளும் தெரிவதாகப் பார்வையாளர் சுட்டினர். பிற்காலத்தில் பொதுவழக்குக்கு வந்த ஆங்கிலத் தொடர்களை அக்காலப் பாத்திரங்கள் பேசுவதை மொழியறிஞரும் எடுத்துக்காட்டினர். இக்குற்றங்களுக்குக் கதைக்குள் அமைதி கூற எவரும் முயல்வதில்லை, முயலவும் இயலாது. தோற்புண் காற்புண்ணானதற்கு வாட்சனைப் பொறுப்பாக்கலாம். மஞ்சள் கோட்டிற்கு அக்கதைமாந்தர் எவரையும் பொறுப்பாக்க முடியாது. வழு கதையுலகைச் சாராமல் படப்பிடிப்புக் குழுவைச் சார்கிறது. 2014-இல் விளம்பரப் படமொன்றில் கணப்பு மாடத்தின்மேல் நெகிழித் தண்ணீர்ப் புட்டி காணப்பட்டபோது நகைப்பே எழுந்தது. நடிகர்கள் ஆளுக்கொரு புட்டியுடன் நின்று படமெடுத்து, குடிநீர் அறப்பணி அமைப்பொன்றுக்கு அதனை விளம்பரமாக்கினர். சுவைஞரின் ஆற்றல் இத்தொடர்களில் ஏடு பெயர்த்தெழுதுவோரின் பிழை காணும் ஆற்றலாகச் சுருங்குகிறது.

சொல்லாமைக்கு அமைதி

இவ்விருவகையும் ஒன்றுகூடும் இடம் ‘எண்டெவர்’ (2012–2023). காலின் டெக்ஸ்டர் படைத்த மோர்ஸ் என்னும் ஆக்ஸ்ஃபோர்டு காவல் ஆய்வாளரை 1987 முதல் 2000 வரை 33 படங்களில் ஜான் தா நடித்திருந்தார். அவ்வாய்வாளரின் இளமையை 1965 முதல் 1972 வரையிலான சூழலில் காட்டுவது ‘எண்டெவர்’. இதில் மோர்ஸுக்குத் தந்தைபோல் விளங்குபவர் ஃபிரெட் தர்ஸ்டே என்னும் மேலதிகாரி. இங்கே சுவைஞர் எழுப்பிய தடை கூரியது: இத்துணை நெருங்கியவரைப் பழைய 33 படங்களிலும் மோர்ஸ் ஒருமுறைகூட நினைவுகூராதது ஏன்? பழைய படங்கள் எடுக்கப்பட்டபோது தர்ஸ்டே படைக்கப்படவே இல்லை என்பது வெளிப்படை. எனினும் அவ்விடை எவர்க்கும் நிறைவளிக்கவில்லை. தர்ஸ்டே இறந்துபோவார், இழிசெயல் ஒன்றில் அகப்படுவார், இருவரும் பகைப்பர் எனப் பலவாறு கருதினர். 2023-இல் வந்த இறுதிக்கதை, இருவரும் பிரிந்து அதன்பின் பேசாதிருக்க வேண்டியதொரு மறைபொருளை இடையே வைத்து முடிந்தது. பழைய படங்களில் வெறும் இன்மையாக இருந்தது இப்போது காக்கப்பட்ட மௌனமாகப் பொருள்படுகிறது. பின்னெழுந்த நூல் முன்னெழுந்த நூலின் பொருளை மாற்றியது. மாற்றத் தூண்டியது சுவைஞரின் தடை. இம்மூன்று எடுத்துக்காட்டுகளுள் இதுவே சிறந்தது என்பது என் துணிபு. ஏனெனில் ஹேமிஷ் ஒரு பெயர் மட்டுமே. இம்மௌனமோ ஒருவர் வாழ்நாள் முழுதும் சுமப்பது.

உரை மூலத்தை மறுக்கும் இடம்

2012 சனவரி 15-இல் ஒளிபரப்பான பகுதியில் ஷெர்லக் மருத்துவமனைக் கூரையிலிருந்து குதித்து இறக்கிறார். இறுதிக்காட்சியில் உயிருடன் நிற்கிறார். எவ்வாறு தப்பினார் என்னும் வினாவுக்கு விடை ஈராண்டு வரவில்லை. அவ்விடைவெளியில் சுவைஞர் கட்டிய விளக்கங்கள் எண்ணற்றவை. 2014 சனவரி முதல் நாள் வந்த பகுதியோ அவர்களையே கதைமாந்தராக்கியது. கதைக்குள் ஒரு சுவைஞர் கூட்டம். அவர்கள் கூறும் விளக்கங்கள் காட்சிகளாக விரிந்து நகைப்புக்கிடமாகின்றன. மூன்றாவதாக ஷெர்லக்கே கூறும் விளக்கத்தைக் கேட்டவர் ஏமாற்றமடைகிறார். அது மெய்தானா என ஐயுறவும் இடமிருக்கிறது. உரையை ஏற்று வந்த மூலம் இங்கு உரையாசிரியரை எள்ளி, விடையையும் கைந்நழுவ விட்டது.

இதன் விளைவு 2017-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு சனவரி 15-இல் நான்காம் பருவம் முடிந்தபோது, அதன் முரண்களும் விடுபட்ட இழைகளும் பலர்க்கு அதிர்ச்சியளித்தன. ஆசிரியர்கள் சறுக்கினர் என்று கொள்வதே எளிது. ஆனால் ஒரு சாரார் அவ்வாறு கொள்ளவில்லை. இப்பிழைகள் வேண்டுமென்றே வைக்கப்பட்ட தடயங்கள். மறைக்கப்பட்ட நான்காம் பகுதியொன்று உண்டு. அடுத்த ஞாயிறன்று ‘ஆப்பிள் ட்ரீ யார்டு’ என அறிவிக்கப்பட்டிருக்கும் நாடகம் அதற்கிட்ட பொய்ப்பெயரே என வாதிட்டனர். இவர்களை அறிவிலர் எனத் தள்ளுவது முறையன்று. காட்சியில் தோன்றும் ஒவ்வொன்றும் தடயம் என அவர்களைப் பயிற்றியது அத்தொடரே. மூலம் வழுவாது என்னும் விதியோ நாக்ஸ் காலத்திலிருந்து வருவது. வழு பொறுக்கலாகாத அளவு பெருகியபோது, அவ்விதியைக் கைவிடாமல் இருக்க அவர்களுக்கு எஞ்சிய வழி, கைக்குக் கிட்டியது முழுநூல் அன்று எனக் கொள்வதே. இங்கு வழுவமைதி எல்லைகடந்து, இல்லாத ஓர் ஏட்டைத் தேடுவதாகிறது.

சனவரி 22 இரவு பி.பி.சி. ஒளிபரப்பியது, அறிவித்தபடியே, லூயிஸ் டௌட்டியின் புதினத்தைத் தழுவிய ‘ஆப்பிள் ட்ரீ யார்டு’ நாடகத்தின் முதற்பகுதியை.