ஒரு வேளைச் சோற்றுக்குப் பதினைந்தரை ரூபாய்

ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஜனவரி 27 அன்று பிறந்தவர் முனுசாமி. திண்டிவனத்தில் ஆற்காடு மிஷன் பள்ளியில் படித்தார். குடும்பம் பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குப் போனது, படிப்பு நின்றது. பின்னாளில் துறவியாகி, சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் மடம் கண்டு, சட்டமன்றத்தில் நெடுங்காலம் நம் மக்களுக்காகப் பேசிய சுவாமி சகஜானந்தர் இவர்தான். சிதம்பரத்தில் அவரைக் கொண்டாடுகிற அளவுக்கு, அவர் பிறந்த நம் மாவட்டத்தில் அவர் பெயர் தெரிந்த மாணவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கினார். அத்தோடு விடவில்லை, பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியும் ஏற்படுத்தினார். விடுதி எதற்கு? சேரிப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால் பண்ணையாரின் மாடு காத்திருக்கும். வீட்டில் விளக்கு இருக்காது, பல நாள் சோறும் இருக்காது. பள்ளியில் இடம் கொடுத்தால் மட்டும் அந்தப் பிள்ளை படித்துவிடாது. வடக்கே அம்பேத்கரும் இதையே கண்டார். அவருடைய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1925 தொடக்கத்தில் சோலாப்பூரில் திறந்தது மாணவர் விடுதியைத்தான்.

நூறாண்டு கழிந்துவிட்டது. நம் மாவட்ட மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பட்டியல் சாதியினர். செங்கம், தண்டராம்பட்டு, கலசப்பாக்கம் பக்கத்துக் குடும்பங்கள் செங்கல் சூளைக்கும், கரும்பு வெட்டவும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் போகின்றன. அப்பா அம்மா ஆறு மாதம் வெளியூரில் இருந்தால் பிள்ளைக்கு வீடு என்பது ஆதிதிராவிடர் நல விடுதிதான். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

அந்த வீட்டின் சமையல் கணக்கைப் பார்ப்போம். 2023-24 மாநில நிதிநிலை அறிக்கையில், விடுதிகளின் உணவுச் செலவுத் தொகை பள்ளி மாணவர் ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாகவும், கல்லூரி மாணவருக்கு 1,100இலிருந்து 1,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. உயர்த்தியது நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் 1,400ஐ முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 46 ரூபாய் சொச்சம், ஒரு வேளைக்குப் பதினைந்தரை ரூபாய். கல்லூரி மாணவருக்கு ஒரு ரூபாய் கூடுதல். இந்தப் பணத்தில் ஒரு முட்டை வாங்கிவிட்டுக் குழம்புக்கும் பொரியலுக்கும் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கடைக்குப் போகிற எந்தத் தாயும் சொல்லிவிடுவார். காப்பாளர் யோக்கியராக இருந்தாலும் பருப்பு தண்ணீராகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வளரும் வயது இது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. இதில் சேரிப் பெண் பிள்ளை எந்தப் பாதியில் இருப்பாள் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குக் காலையில் பசிக்காதா?

நம் ஊர் அன்னதானத்துக்குப் பேர்போனது. பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கில் வரும் மக்களுக்குக் கிரிவலப் பாதை நெடுகச் சோறு போடுகிறார்கள். போடட்டும். அந்தப் பாதையில் கிடைக்கும் தயிர்சாதம் விடுதித் தட்டில் கிடைப்பதைவிட நன்றாக இருக்கிறது என்று ஒரு மாணவன் சொன்னால் நமக்குக் கூச வேண்டும்.

அரசு விடுதிகளுக்கெல்லாம் இனிச் சமூகநீதி விடுதி என்று பெயர் என 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது என்று நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் சொல்லியிருந்தது. வரவேற்கிறேன். ஆனால் பலகையை மாற்றியதால் சாம்பாரில் பருப்பு கூடாது, கழிப்பறைக்குத் தண்ணீர் வராது. 2024இல் பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிக்கான செயல்திட்டச் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. நம் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப ஒதுக்கும் நிதி நமக்கே செலவாக வேண்டும் என்பதற்கான சட்டம் அது. அந்தப் பணத்துக்கு விடுதிச் சமையலறையைவிட நல்ல இடம் எது?

விடுதியைத் தாண்டிக் கல்லூரிக்குப் போனால் அடுத்த தடை கட்டணம். 10ஆம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான உதவித்தொகை 1944இலிருந்து இருக்கிறது. ஒன்றியம் 60, மாநிலம் 40 விழுக்காடு என்று 2020 டிசம்பரில் பங்கைத் திருத்தினார்கள். ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. வருவதற்குள் கல்லூரி கட்டணம் கேட்கிறது, பெற்றோர் வட்டிக்கு வாங்குகிறார்கள். மாணவர்கள் இரண்டை நினைவில் வையுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவரின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92 அதற்கானது. அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போங்கள். அடுத்தது, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். இதில் தவறினால் பணம் வழியிலேயே நின்றுவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. உங்கள் ஊராட்சியில் விடுதி இருந்தால் அங்கே எத்தனை பிள்ளைகள், எத்தனை கழிப்பறை, வாரத்தில் எத்தனை முட்டை, காப்பாளர் இரவில் தங்குகிறாரா என்று எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பொங்கல் முடிந்த கையோடு சூளைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஜனவரி 26 கூட்டம் கிடைக்காது. அவர்கள் அக்டோபர் 2 அன்றே கேட்டுவிட வேண்டும்.