வலிக்காத நோயைத் தேடி

பல் வலித்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். வலியே இல்லாத நோய் வந்தால்? யாரிடமும் போகமாட்டோம் அல்லவா? மிகை இரத்த அழுத்தம் அப்படிப்பட்ட நோய்தான். இரத்தம் தமனிகளின் சுவரை அளவுக்கு மீறி அழுத்திக்கொண்டே இருக்கும். நாளடைவில் சுவர் தடித்துக் கடினமாகும். இதயமும் சிறுநீரகங்களும் மெல்லப் பழுதாகும். ஆள் மட்டும் வழக்கம்போல் வேலைக்குப் போய்வருவார். பலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ அமைந்துவிடுகிறது.

நோயாளி வராவிட்டால் மருத்துவர் என்ன செய்வது? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கிளின்காரூக் என்றொரு சிற்றூர் உண்டு. 1960-களில் மக்கள்தொகை சுமார் 2,000. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஊர். சுரங்கம் 1970-இல் மூடப்பட்டது. இங்கே 1961-இல் மருத்துவராக வந்தார் ஜூலியன் டூடர் ஹார்ட்.

பிரிட்டனில் ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்வது வழக்கம். ஆகவே ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஹார்ட்டின் கையில் இருந்தது. வந்தவர்களுக்கு மருந்து கொடுத்து அனுப்புவதோடு நிற்காமல், வராதவர்கள் யார் என்று அவர் பார்த்தார். இதுதான் அவருடைய புதுமை என்று சொல்லவேண்டும்.

1960-களின் இறுதியில் ஊரிலுள்ள வயது வந்தோர் எல்லாருடைய இரத்த அழுத்தத்தையும் அளக்கத் தொடங்கினார். எப்படி? இருமலுக்கு வந்தவரையும் சும்மா விடுவதில்லை! கையில் பட்டையைச் சுற்றி அளந்து, ஏட்டில் குறித்துவிடுவார்கள். ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு காரணத்துக்காக மருத்துவரிடம் வந்தே தீருவார்கள். எஞ்சியவர்களைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஏறக்குறைய அனைவரையும் அளந்து முடித்து, 1970-இல் 'லான்செட்' இதழில் அந்த அனுபவத்தை எழுதினார்.

அளப்பது எளிது. அதற்குப் பிறகுதான் தொல்லை. அழுத்தம் மிகுந்தவரை ஆயுள் முழுவதும் கவனிக்கவேண்டும். மாத்திரையை விட்டாரா, புகைப்பதை நிறுத்தினாரா, மறுபடி எப்போது வரவேண்டும் என்பதையெல்லாம் ஒரே மருத்துவர் நினைவில் வைக்க முடியுமா? செவிலியும், ஏடுகளைப் பேணும் அலுவலரும் சேர்ந்தால்தான் முடியும். நோயாளியும் அக்குழுவில் ஒருவர் என்றார் ஹார்ட். தம் உடலைப் பற்றி அவருக்குத்தானே அதிகம் தெரியும்? உணவு உப்பையும் இரத்த அழுத்தத்தையும் பற்றி ஆராய்ந்தபோது, ஊர்மக்களே தங்கள் சிறுநீரைச் சேகரித்துக் கொடுத்தார்கள்.

எதிர்விகிதம் பற்றிக் கணக்கு வகுப்பில் படித்திருப்பீர்கள். ஒன்று கூடினால் மற்றது குறையும். நல்ல மருத்துவமும் அப்படித்தான், தேவை மிகுந்த இடத்தில் குறைவாகவே கிடைக்கிறது என்று 1971-இல் ஹார்ட் எழுதினார். இன்றும் மருத்துவ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

பலன் என்ன? இருபத்தைந்து ஆண்டு வேலையின் கணக்கு 1991-இல் வெளியாயிற்று. மிகை அழுத்தம் கண்டறியப்பட்டோரின் சராசரி 186/110-இலிருந்து 146/84-க்கு இறங்கியிருந்தது. அவர்களுள் புகைப்போர் 56 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தனர். இப்படித் தேடிப் பார்க்காத பக்கத்து ஊரைவிட இங்கே இள வயது இறப்பும் குறைவு. இரண்டும் சிற்றூர்கள், இறப்புகளின் எண்ணிக்கையும் சிறிது. ஆகவே அந்த ஒப்பீட்டைச் சற்று நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 186 என்பது 146 ஆனதை ஏடுகளில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே பார்க்கலாம்.