வீட்டுக் கம்ப்யூட்டரில் பைப் ஆர்கன்

உங்கள் வீட்டில் எலெக்ட்ரானிக் கீபோர்டு இருக்கிறதா? அதில் சர்ச் ஆர்கன் என்ற ஒலியைத் தேர்ந்தெடுத்து வாசித்துப் பாருங்கள். முதலில் பிரமாதமாக இருக்கும். சிறிது நேரத்தில் அலுத்துவிடும். உண்மையான ஆர்கனில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனிக் குழாய் உண்டு. ஸ்டாப் என்ற குமிழை இழுத்தால் ஒரு வரிசைக் குழாய்கள் ஒலிக்கும். இன்னொன்றை இழுத்தால் அடுத்த வரிசையும் சேர்ந்துகொள்ளும்.

இதை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டு வருகிறது கிராண்ட்ஆர்க் என்ற இலவச புரோகிராம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஹாப்ட்வெர்க் என்ற புரோகிராமும் புகழ் பெற்றதுதான். ஆனால் அதற்குக் காசு கொடுக்க வேண்டும். கிராண்ட்ஆர்க்குடன் ஒரு டெமோ ஆர்கன் வருகிறது. பிறகு உண்மையான தேவாலய ஆர்கன்களைக் குழாய் குழாயாகப் பதிவு செய்த சாம்பிள் செட்டுகளை டவுன்லோட் செய்துகொள்ளலாம். இலவசமாகவும் பல கிடைக்கின்றன.

கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு இதை இன்ஸ்டால் செய்து கொடுத்தேன். அவருடையது 4 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டர். ஒரு ஆர்கனைத் திறந்ததுமே திணறி நின்றுவிட்டது. கடையில் கேட்டதற்கு, புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிடுங்கள் என்றார்களாம். அவசரப்பட வேண்டாம்!

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 56 கீ, 10 ஸ்டாப் என்றால் 560 குழாய்கள். ஒவ்வொன்றும் 5 விநாடிப் பதிவு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. ஒரு குழாய்க்குச் சுமார் 1.44 எம்பி வீதம் மொத்தம் 800 எம்பிக்கு மேல். இத்தனையும் ராமில் ஏற வேண்டும். இதையே 16 பிட், மோனோ என மாற்றினால் சுமார் 270 எம்பிதான்! பெரிய செட்டுகளில் ஒரே குழாய்க்குப் பல பதிவுகள் இருக்கும். அங்கே மிச்சம் இன்னும் அதிகம். கிராண்ட்ஆர்க்கின் செட்டிங்ஸில் இந்த இரண்டையும் மாற்றலாம். லாஸ்லெஸ் கம்ப்ரஷனை ஆன் செய்தால் ராம் மேலும் மிச்சமாகும். பிராசசருக்குச் சற்று வேலை கூடும். மாற்றிய பிறகு ஆர்கனை மீண்டும் லோட் செய்யுங்கள். வீட்டு ஸ்பீக்கரில் 16 பிட்டுக்கும் 24 பிட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மோனோவில் மட்டும் தேவாலயத்தின் விசாலம் குறைகிறது. எனவே முதலில் பிட்டைக் குறையுங்கள். போதாவிட்டால் மோனோவுக்குப் போங்கள்.

வாசிக்கும்போது ஒலி வெட்டி வெட்டி வருகிறதா? அது ராம் பிரச்சினை அல்ல, பிராசசர் பிரச்சினை. 4 கீ, 5 ஸ்டாப் என்றால் 20 குழாய்கள். கீயை விட்ட பிறகும் எதிரொலி 4 விநாடி நீடித்தால், விநாடிக்கு ஒரு முறை கார்டு மாற்றும்போது சுமார் 100 ஒலிகள் ஒரே நேரத்தில் ஓடும். பாலிஃபனி எண்ணிக்கையைக் குறையுங்கள். ரிவெர்ப் வசதியை ஆஃப் செய்யுங்கள். எதிரொலி குறைவாகப் பதிவான டிரை வகை செட்டுகள் பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்றவை.

கீபோர்டை யுஎஸ்பி கேபிளால் இணையுங்கள். திரையில் தெரியும் ஆர்கன் கீபோர்டின் மேல் ரைட் கிளிக் செய்து, லிசன் என்ற பட்டனை அழுத்திவிட்டு உங்கள் கீபோர்டில் ஒரு கீயைத் தட்டினால் போதும். மெதுவாகத் தட்டினாலும் பலமாகத் தட்டினாலும் ஒலி ஒரே அளவில்தான் வரும். பயப்படாதீர்கள், ஆர்கனின் இயல்பே அதுதான்.

கீயைத் தட்டிய பிறகு தாமதமாக ஒலிக்கிறதா? விண்டோஸில் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை இன்ஸ்டால் செய்து, ஆடியோ அவுட்புட்டில் அதைத் தேர்ந்தெடுங்கள். பஃபரை 512 என வைத்தால், 44,100 ஹெர்ட்ஸில் பஃபரால் வரும் தாமதம் சுமார் 12 மில்லிசெகண்ட்தான். ஒலி வெட்டினால் 1024 ஆக்குங்கள்.

நண்பர் இப்போது அதே கம்ப்யூட்டரில், வீட்டார் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறார். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம். அது தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். வயர் உள்ள சாதாரண ஹெட்போனே போதும்.