நீர்ப்பம்பிக்கு மின்காப்பு: சுற்றுடைப்பான் எதை உணரும், எதை உணராது

வன்னிப் பெருநிலப்பரப்பில் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்கள் வயல்களுக்கு நீர் அளித்து வருகின்றன. குளத்து நீர் எட்டாத மேட்டுநிலத் தோட்டங்களோ கிணற்றையே நம்பியுள்ளன. முற்காலத்தில் துலாவும், பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரமும் செய்த இறைப்பு வேலையை இன்று பல தோட்டங்களில் மின்மோட்டர் செய்கின்றது.

போர்க்காலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்குப் பல ஆண்டுகளாகப் பிரதான மின்வலையமைப்பின் வழங்கல் இருக்கவில்லை. 2009 ஆம் ஆண்டில் போர் முடிவுற்றதன் பின்னரே வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் வரை 132 கிலோவோல்ற்று மின்மார்க்கம் புதிதாக அமைக்கப்பட்டு, ஊர்களுக்கும் கிளைக்கம்பிகள் இழுக்கப்பட்டன. எனவே மின்பம்பி பல குடும்பங்களுக்குப் புதிய கருவியாகும். ஈரமான தரையில், வெறுங்காலுடன், நீரின் அருகே கையாளப்படும் கருவியும் அதுவே. ஆகையால் அதற்குரிய காப்பு உபகரணங்களின் இயல்பை ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருத்தல் அவசியம்.

மூன்று பழுதுகள், மூன்று உணர்வுகள்

பம்பிக்குச் செல்லும் மின்சுற்றில் ஏற்படக்கூடிய பழுதுகள் மூவகைப்படும். மோட்டர் தன் அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்தல் மிகைச்சுமை எனப்படும். உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் ஒன்றையொன்று தொடுதல் குறுஞ்சுற்றாகும். உயிர்க்கம்பியின் மின்சாரம் பம்பியின் உடலுக்கோ, மண்ணுக்கோ, மனிதனுக்கோ ஒழுகுதல் கசிவாகும். முதலிரண்டையும் சாதாரணச் சிறு சுற்றுடைப்பான் உணரும். மூன்றாவதை உணர்வது மீதியோட்டச் சுற்றுடைப்பான். மக்கள் "றிப் சுவிச்சு" என வழங்குவது இதனையே. ஒன்றின் வேலையை மற்றையது செய்யமாட்டாது என்பதே இத்துண்டுப்பிரசுரத்தில் முதன்மையாக மனத்திற் கொள்ளவேண்டியது.

1. மிகைச்சுமை: வெப்பத்தால் உணர்தல்

சிறு சுற்றுடைப்பானின் உள்ளே, வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு உண்டு. மின்னோட்டம் மிகும்போது தகடு சூடேறி வளைந்து, பொறியைத் தட்டிச் சுற்றை உடைக்கும். இது உடனடியாக நிகழ்வதன்று. சர்வதேச நியமப்படி 16 அம்பியர் சுற்றுடைப்பான் 23 அம்பியர் அளவிலான ஓட்டத்தை உடைப்பதற்கு ஒரு மணித்தியாலம் வரை எடுக்கலாம். இத்தாமதம் குறைபாடன்று. மோட்டர் புறப்படும்போது சில கணங்களுக்கு வழக்கமான ஓட்டத்தின் ஐந்து முதல் ஏழு மடங்கை இழுக்கும். அதற்கெல்லாம் சுற்று உடையுமாயின் இறைப்பு நடைபெறாது.

தனி அவத்தையில் இயங்கும் 1 குதிரைவலு மோட்டர் ஏறத்தாழ 6 அம்பியரை இழுக்கும். அதற்கு முன்னால் 16 அம்பியர் சுற்றுடைப்பான் இருப்பின், மோட்டர் இறுகி 12 அம்பியரை இழுத்துக் கருகினாலும் சுற்றுடைப்பான் அசையாது. ஏனெனில் அது காப்பது கம்பியையே. மோட்டரைக் காப்பதற்கு, அதன் பெயர்த்தகட்டில் பொறிக்கப்பட்ட அம்பியர் அளவுக்குத் திருப்பி வைக்கப்பட்ட மிகைச்சுமை அஞ்சலி ஒன்று தொடக்கிப் பெட்டியில் இருத்தல் வேண்டும்.

2. குறுஞ்சுற்று: காந்தத்தால் உணர்தல்

அதே சுற்றுடைப்பானில் ஒரு கம்பிச்சுருளும் உண்டு. பெரும் மின்னோட்டம் பாயும்போது சுருள் வலிய காந்தமாகி, நூறில் சில பங்கு செக்கனுக்குள் பொறியை இழுத்துவிடும். வெப்பத்தகட்டையும் காந்தச்சுருளையும் ஒரே சிறு பெட்டியில் இணைத்த சுற்றுடைப்பானுக்கு 1924 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உரிமைப்பத்திரம் பெறப்பட்டது. இன்றும் இவ்விரண்டுமே பயன்படுகின்றன.

காந்தச்சுருள் செயற்படும் எல்லையைச் சுற்றுடைப்பானின் மீதுள்ள எழுத்து காட்டும். "பி" வகை குறித்த அளவின் 3 முதல் 5 மடங்கிலும், "சி" வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனே உடைக்கும். மோட்டருக்குப் பெரும்பாலும் "சி" வகை பொருத்தப்படுகின்றது. 16 அம்பியர் "சி" வகை உடனே உடைக்கும் என உறுதியாகச் சொல்வதற்கு 160 அம்பியர் ஓட்டம் வேண்டும்.

இங்கேதான் வன்னித் தோட்டங்களுக்குரிய ஓர் இடர் மறைந்துள்ளது. வீட்டிலுள்ள மின்பலகைக்கும் தோட்டக் கிணற்றுக்கும் இடையே 150 மீற்றர் தூரம் இருத்தல் அரிதன்று. 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக்கம்பியில் அத்தூரம் போய்த் திரும்பும் பாதையின் தடை ஏறத்தாழ 3.6 ஓம் ஆகும். கிணற்றடியில் குறுஞ்சுற்று ஏற்பட்டால் 230 வோல்ற்றில் பாயக்கூடியது சுமார் 63 அம்பியர் மாத்திரமே. காந்தச்சுருள் இதனைக் குறுஞ்சுற்றாக உணராது. வெப்பத்தகடு வளையும் வரை, பல செக்கன்களுக்குக் கம்பி பழுத்துக்கொண்டிருக்கும். பம்பி ஓலைக்கொட்டிலில் இருப்பின் தீப்பற்றுவதற்கு அதுவே போதும். 4 சதுர மில்லிமீற்றர் கம்பியாயின் அதே இடத்தில் 160 அம்பியருக்குச் சற்று மேற்பட்ட ஓட்டம் பாயும்; சுற்றும் உடனே உடையும். தடித்த கம்பியால் இன்னொரு நன்மையும் உண்டு. மெல்லிய கம்பியில் 6 அம்பியர் ஓட்டத்துக்கே சுமார் 22 வோல்ற்று வழியில் வீணாகும். அழுத்தம் குறைந்த மோட்டர் கூடிய ஓட்டத்தை இழுத்துச் சூடேறும்.

3. கசிவு: கணக்கின் வேறுபாட்டால் உணர்தல்

மீதியோட்டச் சுற்றுடைப்பானில் ஒரு காந்த வளையம் உண்டு. உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் அதனூடாகச் செல்கின்றன. போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வருமாயின் இரண்டின் காந்த விளைவுகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு சிறுபகுதி மண் வழியே ஒழுகினால் கணக்கில் மீதி விழும். அம்மீதி வளையத்தின் மேற்சுற்றிய சுருளில் மின்னைத் தூண்டிப் பொறியைத் தட்டும். 1950களில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் மின்தாக்கி இறந்தோரின் தொகையைக் குறைக்கும் முயற்சியில் இத்தகைய கருவிகள் வளர்ச்சி பெற்றன.

ஆட்களைக் காப்பதற்குரிய அளவு 30 மில்லியம்பியர் ஆகும். அந்த அளவு கசிவில் 0.3 செக்கனுக்குள்ளும், அதன் ஐந்து மடங்கில் 0.04 செக்கனுக்குள்ளும் சுற்று உடைதல் வேண்டும். ஈரமான உடலின் தடையை 1,000 ஓம் எனக் கொண்டால் 230 வோல்ற்றில் 230 மில்லியம்பியர் உடலினூடாகப் பாயும். இதயத் துடிப்பைச் சிதறச்செய்து உயிரைப் போக்குவதற்கு இது தாராளமாகப் போதும். ஆயினும் 16 அம்பியர் சுற்றுடைப்பானுக்கு இது அதன் அளவின் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு மாத்திரமே. அது அறியவே அறியாது.

பம்பியின் உடலுக்குப் புவிக்கம்பி கொடுத்துள்ளோமே எனச் சிலர் எண்ணலாம். நம் நாட்டில் பாவனையாளர் தம் வளவிலேயே புவிக்கோலை இறக்கிக்கொள்ளும் முறை வழக்கிலுள்ளது. கோடைகாலத்தில் காய்ந்த மணலிலும் செம்மண்ணிலும் கோலின் தடை பெரிதும் உயரும். மண் வழிப்பாதையின் தடை 100 ஓம் எனின், பழுதடைந்த பம்பியிலிருந்து மண்ணுக்குச் செல்வது 2.3 அம்பியரே. சாதாரணச் சுற்றுடைப்பான் உடையாது. பம்பியின் உடல் கொல்லத்தக்க மின்னழுத்தத்துடன் நாள் முழுவதும் நிற்கும். மீதியோட்டச் சுற்றுடைப்பானுக்கோ 2.3 அம்பியர் என்பது அதன் எல்லையின் ஏறத்தாழ எழுபத்தேழு மடங்காகும். ஆள் தொடுவதற்கு முன்னரே அது உடைத்துவிடும். ஆகவே புவித்தொடுப்பும் மீதியோட்டச் சுற்றுடைப்பானும் ஒருங்கே இருத்தல் வேண்டும்.

சுற்றுடைப்பான் உணராதவை

(அ) கிணறு வற்றிப் பம்பி வெறுமனே ஓடுதல். இவ்வேளையில் மின்னோட்டம் கூடுவதில்லை, குறைகின்றது. ஆவணி, புரட்டாதி மாதங்களில் நீர்மட்டம் தாழும்போது இதனைக் கவனித்தல் வேண்டும். நீர்மட்ட ஆளி இதற்கு ஏற்ற பரிகாரம்.

(ஆ) மூன்று அவத்தை மோட்டரில் ஓர் அவத்தை அறுதல். எஞ்சிய இரு கம்பிகளிலும் ஓட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகும், மோட்டர் உறுமும், சூடேறும். சரியாக அமைக்கப்பட்ட மிகைச்சுமை அஞ்சலியும் அவத்தையிழப்பு அஞ்சலியுமே இதற்குக் காப்பு.

(இ) ஒருவர் ஒரு கையால் உயிர்க்கம்பியையும் மறுகையால் நொதுமற்கம்பியையும் பற்றுதல். போன ஓட்டம் முழுவதும் திரும்பிவிடுவதால் மீதியோட்டச் சுற்றுடைப்பானுக்கு இது சாதாரணப் பாவனையாகவே தோன்றும். ஆதலின் பிரதான ஆளியை நிறுத்தாமல் கம்பியைத் தொடலாகாது.

வேலிக்கம்பியில் வீட்டு மின்சாரம்

பன்றியும் யானையும் பயிரை அழிப்பதைப் பொறுக்காது சிலர் வீட்டு மின்சாரத்தை வெறுங்கம்பியில் இணைத்து வளவைச் சுற்றி இழுக்கின்றனர். இது சட்டத்துக்கு மாறானது, உயிர்க்கொலையும் ஆகும். புல்லும் செடியும் பட்டவுடன் மின்கசிவு ஏற்பட்டு மீதியோட்டச் சுற்றுடைப்பான் உடையுமாதலால், இவ்வாறு செய்வோர் முதலில் அதனை விலக்கி இணைக்கின்றனர். அதன்பின் அக்கம்பியில் படும் அயலவருக்கும் பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் காப்பு எதுவுமில்லை. அவ்வீட்டில் உள்ளோருக்கும் இல்லை. முறையான யானைவேலிக் கருவி, செக்கனுக்கு ஏறத்தாழ ஒருமுறை மிகக் குறுகிய துடிப்பை மாத்திரம் அனுப்புவது. வீட்டு மின்சாரம் இடையறாது பாய்வது. இரண்டும் ஒன்றல்ல. வேலி வேண்டுவோர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள உத்தியோகத்தரிடம் ஆலோசனை பெறுக.

சுற்று உடைந்தால் செய்யவேண்டியவை

1. உடனே மீண்டும் மீண்டும் தூக்கிப் போடவேண்டாம். எந்த உபகரணம் விழுந்தது என்பதை முதலிற் பார்க்க. சிறு சுற்றுடைப்பான் விழுந்திருப்பின் மிகைச்சுமை அல்லது குறுஞ்சுற்று. மீதியோட்டச் சுற்றுடைப்பான் விழுந்திருப்பின் கசிவு.

2. கசிவாயின் எல்லாச் சிறு சுற்றுடைப்பான்களையும் கீழிறக்கி, மீதியோட்டச் சுற்றுடைப்பானைத் தூக்கி, பின்னர் ஒவ்வொன்றாக மேலேற்றுக. எதனை ஏற்றும்போது விழுகின்றதோ அச்சுற்றிலேயே பழுது உள்ளது. அதனை இறக்கி வைத்துவிட்டு மற்றவற்றைப் பாவிக்கலாம்.

3. பம்பியின் சுற்றாயின், எலி கடித்த கம்பி, கிணற்றுக்குள் நீர் புகுந்த மூட்டு, ஈரம் ஏறிய மோட்டர்ச் சுருள் ஆகியவற்றைத் தகைமைபெற்ற மின்னியலாளரைக் கொண்டு பரிசோதிப்பிக்க.

4. 16 அம்பியர் அடிக்கடி விழுகின்றதென்று 32 அம்பியரை மாட்டலாகாது. கம்பி தாங்கும் அளவை விஞ்சிய சுற்றுடைப்பான் கம்பியைக் காவாது.

5. இறைப்பு நின்று பயிர் வாடினும் மீதியோட்டச் சுற்றுடைப்பானை விலக்கி நேரே இணைக்கலாகாது. ஒருநாள் தாமதத்தைப் பயிர் தாங்கும்.

எப்பொழுதும் கவனிக்கவேண்டியவை

மாதம் ஒருமுறை, மின்சாரம் உள்ளவேளையில், மீதியோட்டச் சுற்றுடைப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்துக. உடனே விழாவிடின் அதனை மாற்றுதல் வேண்டும். பொத்தான் கருவியை மாத்திரமே சோதிக்கும். புவிக்கம்பி அறுந்திருப்பதை அறிவிக்காது. ஆதலால் காலபோக மழைக்கு முன்னர் புவிக்கோலின் பிடிப்பையும் கம்பியையும் பார்வையிடுக. கோலை ஈரம் நிலைக்கும் இடத்தில் ஆழமாக இறக்குக. கிணற்றில் இறங்குவதற்கும் பம்பியை அசைப்பதற்கும் முன்னர் பிரதான ஆளியை நிறுத்துக.

ஒருவரை மின்சாரம் தாக்கினால் அவரைக் கையால் தொடாது முதலில் ஆளியை நிறுத்துக. இயலாவிடின் உலர்ந்த தடியினால் கம்பியை விலக்குக. மூச்சு நின்றிருப்பின் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 1990 என்னும் இலவச நோயாளர் காவுவண்டிச் சேவையை அழைக்க.

சுற்றுடைப்பான் விழுவது தொல்லையன்று. பழுது உண்டென்னும் அறிவித்தலாகும். அவ்வறிவித்தலுக்குச் செவிசாய்க்கும் கமக்காரர் தம் மோட்டரையும் பயிரையும் காப்பதுடன், கிணற்றடிக்கு வந்துபோகும் தம் குடும்பத்தினரின் உயிரையும் காப்பர். நீர்ப்பம்பி பற்றிய மேலதிக விளக்கங்களைத் தத்தம் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.