சிக்னலில் உதறும் கார்

பழைய கார் விரைவுச்சாலையில் நன்றாகத்தான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மாலையில், தேக்காவுக்கு வரும் கூட்டத்தோடு சிராங்கூன் சாலையில் ஊர்ந்து பார்த்தால்தான் அதன் உண்மையான உடல்நிலை தெரியும்.

என்னிடம் இருப்பது 1990களில் பதிவான மஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கைகள், மடக்கக்கூடிய கூரை, 1.6 லிட்டர் இன்ஜின். சில மாதங்களுக்கு முன்பு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கார் உதறத் தொடங்கியது. புகைக்குழாயின் சத்தத்தில் தாளம் தப்பியது. பட்டறைகளில் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளைத் தாண்டினால் எதுவுமே நடக்காததுபோல் ஓடும்.

வேறு ஊராக இருந்தால் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் அப்படி முடியாது. என் காரின் வாகன உரிமைச் சான்றிதழ் முடிய நான்கு மாதங்களே இருந்தன. புதுப்பிக்க வேண்டுமென்றால், முந்தைய மூன்று மாத ஏலக் கட்டணங்களின் சராசரியைக் கட்ட வேண்டும். பாதித் தொகை கட்டி ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கலாம். ஆனால் அதன் பிறகு மீண்டும் புதுப்பிக்க முடியாது. இவ்வளவு பழைய காருக்குச் சாலை வரியும் 50 விழுக்காடு கூடுதல். இன்ஜின் உள்ளே தேய்ந்திருந்தால் இத்தனை பணத்தைப் போடுவதில் அர்த்தமில்லை. காரை அழிக்கக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஒரு பட்டறையில், “பிளக், ஒயர், காயில், இன்ஜெக்டர் எல்லாத்தையும் மாத்திப் பார்க்கலாம்” என்றார்கள். காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் வேறு மாதிரி பேசினார். “என்ன பழுதுன்னு அப்புறம் பார்க்கலாம் தம்பி. எப்போ உதறுதுன்னு முதல்ல சொல்லு.”

அந்தக் கேள்வியில்தான் பாதி விடை இருக்கிறது. மேட்டில் ஏறும்போதோ ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். தீப்பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படும். பிளக், ஒயர், காயில் பலவீனமாக இருந்தால் பெரும்பாலும் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். நின்ற நிலையில் மட்டும் உதறினால், முதலில் காற்றுக் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது இன்ஜினுக்குள் போகும் காற்று மிகக் குறைவு. உள்ளே உறிஞ்சும் வேகமோ அதிகம். சிறு ஓட்டை வழியாக நுழையும் காற்றுகூட பெட்ரோல் கலவையை நீர்த்துப்போகச் செய்யும். வேகம் கூடி நிறையக் காற்று போகும்போது அந்தக் கசிவு ஒரு பொருட்டாகத் தெரியாது.

இன்ஜினை ஓடவிட்டு, இன்ஜெக்டர் இணைப்புகளை அண்ணன் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். வேலை செய்யும் சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் தளர வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கில் தளர்ந்தது. மூன்றாவதில் மாற்றமே இல்லை. அது ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று பொருள். பிளக் ஒயரைப் பிடுங்கியும் சிலர் இதைச் சோதிப்பார்கள். அதில் மின்னதிர்ச்சி ஆபத்து உண்டு. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் அங்குள்ள வினையூக்கியைக் கெடுக்கும்.

இந்த இன்ஜினில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு ஒரே காயில். காயில் போயிருந்தால் இரண்டுமே நின்றிருக்கும். ஆகவே காயில் தப்பித்தது. மூன்றாவதின் பிளக்கையும் ஒயரையும் வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டோம். பழுது கூடவே போகவில்லை, மூன்றாவதிலேயே இருந்தது. அவையும் தப்பித்தன.

அடுத்தது கம்பிரஷன் சோதனை. என் காரின் தலையெழுத்து அதில்தான் இருந்தது. நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. வால்வும் பிஸ்டனும் நலம்.

கடைசியாக, இன்ஜினை நிறுத்திவிட்டுக் காற்றுக் குழாய்க்குள் புகையைச் செலுத்தினார். மூன்றாவது இன்ஜெக்டரின் அடியிலிருந்து நூல் மாதிரி புகை எழுந்தது. அங்கிருந்த ரப்பர் வளையம் பல ஆண்டுச் சூட்டில் இறுகி வெடித்திருந்தது. நான்கு வளையங்களையும் மாற்றினோம். வளையங்களின் விலை இரண்டு பேர் சாப்பிடும் செலவுக்குள் அடங்கியது. சோதித்துப் பார்த்த நேரத்துக்குத்தான் கூலி அதிகம், அது நியாயமானதும்கூட.

பத்து ஆண்டுகளுக்கே சான்றிதழைப் புதுப்பித்துவிட்டேன்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போகுமுன் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது உதறுகிறதா, சூடான பிறகா? நிற்கும்போதா, இழுக்கும்போதா? ஏசி போட்டால் கூடுகிறதா? பிறகு கம்பிரஷன் அளவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா வேண்டாமா என்பதை அந்த நான்கு எண்களைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.