2,130 மேட்ச்... ஒரு நாள்கூட லீவ் இல்ல! யார் இந்த லூ கெரிக்?

பேஸ்பால்னா பலருக்கும் பேப் ரூத் தான் ஞாபகம் வருவார். அதே நியூயார்க் யாங்கீஸ் அணியில் அவருக்கு அடுத்து, 4-வதாக பேட் பிடித்தவர் லூ கெரிக். அதனாலேயே ஜெர்சி நம்பரும் 4!

'இரும்புக் குதிரை' பட்டம் ஏன்?

1925 முதல் 1939 வரை தொடர்ந்து 2,130 போட்டிகள். விரல் முறிந்தும் ஓய்வெடுக்கல.

ஏன் நிறுத்தினார்?

1939-ல் உடல் ஒத்துழைக்கல. மே 2-ம் தேதி, தன்னை உட்கார வைக்கும்படி மேனேஜரிடம் அவரே சொன்னார். பரிசோதனையில் தெரிந்தது ஏ.எல்.எஸ்: தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய். அப்படியும் ஜூலை 4 அன்று, 60,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்னால், தான் ஒரு அதிர்ஷ்டசாலி என்றார்.

1941-ல், 37 வயதில் மறைந்தார். 1995-ல் கால் ரிப்கன் அந்த சாதனையை முறியடித்தார். ஆனா அமெரிக்காவில் அந்த நோய்க்கு இன்னைக்கும் 'லூ கெரிக் நோய்'னு தான் பேர்.