வராத இயந்திரம்
பிட்காயின் 'தோண்டும்' கம்ப்யூட்டருக்கு முன்பணம் கட்டியவர்களுக்குத் தாமதம் என்பது வெறும் எரிச்சல் அல்ல. காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் முதல் கரைகிறது. யாரிடம் போய்க் கேட்பது என்பதிலும் குழப்பம்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் அறுபதைத் தாண்டிய தமிழர்களுக்குக் காத்திருப்பு புதிதல்ல. டெலிபோனுக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். காஸ் இணைப்புக்குக் காத்திருந்தவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு, சில சமயம் பத்து வருடம் வரை காத்திருந்தவர்கள். புக் செய்தபோது கல்யாணமாகாத பையனுக்கு, வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்திருக்கும். ஆனால் அந்தக் காத்திருப்புக்கு ஒரு மரியாதை இருந்தது. வண்டி வந்த அன்றே, கட்டிய விலைக்கு மேல் 'ஆன்' கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் தயாராக நிற்பார். புக்கிங் சீட்டே ஒரு சொத்து.

பிட்காயின் இயந்திரத்தின் கதை இதற்கு நேர் எதிர். இங்கே சரக்கு தாமதமாக வந்தால் அது பாதி விலைக்குக்கூடப் போகாது. ரொம்பத் தாமதமானால் வந்தும் பிரயோஜனமில்லை. உலகம் முழுவதும் 2012 முதல் முன்பணம் கட்டி ஏமாந்த ஆயிரக்கணக்கானவர்களின் ஆத்திரத்துக்குக் காரணம் இதுதான். விற்றவர்களுக்கு இது புரிந்திருந்தது. வாங்கியவர்களில் பலருக்குப் பெட்டி கைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

'மைனிங்' என்று சொல்லப்படும் தோண்டும் வேலையில் மண்வெட்டியும் இல்லை, சுரங்கமும் இல்லை. அதை ஓயாமல் நடக்கும் ஒரு குலுக்கல் என்று எடுத்துக்கொள்ளலாம். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, உலகில் எங்கோ ஒரு கம்ப்யூட்டர் சரியான எண்ணை ஊகித்துப் பரிசை வெல்கிறது. விநாடிக்கு எத்தனை முறை ஊகிக்க முடியுமோ, அத்தனை லாட்டரிச் சீட்டு கையில் இருப்பதாக அர்த்தம். சாதாரணக் கம்ப்யூட்டரால் சில சீட்டுகள்தான் வாங்க முடியும். இதற்கென்றே செய்த சிப் கோடிக்கணக்கில் வாங்கும். சூட்சுமம் என்னவென்றால், பரிசுத் தொகை மாறாது. போட்டியாளர்கள் பெருகினால், சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை (துல்லியமாகச் சொன்னால் 2,016 குலுக்கல்களுக்கு ஒரு முறை) கணக்கின் கடினம் தானாகவே ஏற்றப்படும். பரிசுத் தொகையும் சுமார் நான்கு வருடத்துக்கு ஒரு முறை பாதியாகும்: 2012 நவம்பரில் 50-லிருந்து 25 பிட்காயினாக ஆரம்பித்த இந்த இறக்கம் 2024 ஏப்ரலில் 3.125-க்கு வந்து நின்றது.

இதன் பொருளைக் கணக்குப் போட்டால்தான் உறைக்கும். விநாடிக்கு 500 கோடி முறை ஊகிக்கும் ஒரு சின்ன இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 2013 ஜனவரியில் அது ஓடியிருந்தால் நாளொன்றுக்குச் சராசரியாக 0.84 பிட்காயின் கிடைத்திருக்கும். அப்போதைய விலையில் சுமார் 11 டாலர். அந்த வருடம் முழுவதும் கடினம் ஏறிக்கொண்டே போனது. வருட ஆரம்பத்தில் சுமார் 30 லட்சமாக இருந்த குறியீடு டிசம்பர் கடைசியில் 118 கோடி. கிட்டத்தட்ட 400 மடங்கு. பிட்காயின் விலையும் 13 டாலரிலிருந்து 750 டாலர் அளவுக்குத் தாவியது என்னவோ உண்மை. அப்படியும் அதே இயந்திரத்தின் ஒரு நாள் வருமானம் ஒன்றரை டாலர் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. 2014 செப்டம்பரில் குறியீடு 3,000 கோடியைத் தாண்டியபோது ஒரு நாள் சம்பாத்தியம் சுமார் 3 சென்ட். நம் பணத்தில் இரண்டு ரூபாய். மும்பையில் ஒரு கட்டிங் சாய்க்குக்கூடக் காணாது.

இந்தக் கணக்கின் மேல்தான் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து பட்டர்ஃபிளை லேப்ஸ் கம்பெனியின் கதை நடந்தது. 2012 நடுவிலிருந்து அது முன்பணம் வாங்க ஆரம்பித்தது. 149 டாலரிலிருந்து 29,899 டாலர் வரை விதவிதமான இயந்திரங்கள். அந்த வருடம் அக்டோபர் வாக்கில் வந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 2013 பிறந்து பல மாதம் கழித்துத்தான் முதல் பெட்டிகள் வரத் தொடங்கின. அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையத்தின் கணக்குப்படி, 2013 செப்டம்பரில் பணம் கட்டியும் இயந்திரம் கிடைக்காதவர்கள் 20,000-க்கும் மேல். இதற்கிடையில் கம்பெனி இன்னும் வேகமான புது மாடலை அறிவித்து அதற்கும் பணம் வாங்கியது.

ஆணையம் 2014 செப்டம்பரில் கோர்ட்டுக்குப் போய்க் கம்பெனியை முடக்கியது. அது சொன்ன குற்றச்சாட்டுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டிய இயந்திரங்களை ஓடவிட்டுக் கம்பெனி தனக்காகப் பிட்காயின் தோண்டிக்கொண்டது. தையல்காரர் நம் சட்டையைத் தைத்துவிட்டுத் தீபாவளி வரை தானே போட்டுக்கொண்டு திரிந்ததைப் போல. இரண்டாவது இன்னும் சுவாரசியம். தாமதத்தால் சில இயந்திரங்கள் 'ரூம் ஹீட்டர்' அளவுக்குத்தான் உதவும் என்று கம்பெனியின் பிரதிநிதியே சொல்லியிருக்கிறார்.

கன்சாஸ் குளிரில் ஹீட்டராவது மிச்சம். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில், மே மாதத்தில், ஹீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பழைய சின்ன இயந்திரங்கள் போய், பின்னால் வந்தவை இன்னும் கொடூரம். 2020-ல் வந்த ஆன்ட்மைனர் எஸ்19 புரோ என்ற சீன இயந்திரம் 3,250 வாட் இழுக்கிறது. நாளுக்கு 78 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 23,400 ரூபாய் மின் கட்டணம். 2024 நடுவில், பரிசு பாதியான பிறகு, அந்த இயந்திரம் நாளொன்றுக்குத் தோண்டியது நானூறு ரூபாய் சொச்சம். தின்ற மின்சாரம் 780 ரூபாய். அதன் விசிறிச் சத்தமோ, செம்பூரின் எந்தக் கட்டடத்திலும் சொசைட்டி செயலாளரை இரண்டாவது நாளே கதவைத் தட்ட வைக்கும்.

பட்டர்ஃபிளை வழக்கு 2016 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது. கம்பெனி மீதும் அதன் முக்கியப் புள்ளி ஒருவர் மீதும் 3.86 கோடி டாலர் தீர்ப்பு. ஆனால் கொடுக்க வழியில்லை என்பதால் அதில் மிகப் பெரும்பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. உருப்படியாகக் கிடைத்தது ஒரு நிபந்தனை: இனிமேல் சரக்கு கையிருப்பில் இருந்து, 30 நாளில் டெலிவரி செய்ய முடிந்தால்தான் முன்பணம் வாங்கலாம்.

பணம் எந்த ரூபத்தில் போனது என்பதும் முக்கியம். கலிபோர்னியாவின் ஹாஷ்ஃபாஸ்ட் கம்பெனி 2013-ல் பிட்காயினாகவே முன்பணம் வாங்கியது. வருடக் கடைசிக்குள் இயந்திரம் என்று வாக்கு. இயந்திரம் வரவில்லை, அதற்குள் பிட்காயின் விலை பல மடங்கு ஏறிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு, ஆர்டர் செய்த தேதியின் டாலர் மதிப்பைத்தான் தருவோம் என்றது கம்பெனி. கொடுத்தது ஒரு பவுன், திருப்பிக் கொடுப்பது அன்றைய பவுன் விலை என்ற கதை. 2014-ல் ஹாஷ்ஃபாஸ்ட் திவாலானது. கிரெடிட் கார்டில் கட்டியவர் வங்கியிடம் முறையிட்டு, காலக்கெடுவுக்குள் இருந்தால், பணத்தைத் திரும்பப் பெற வழியுண்டு. பிட்காயினாக அனுப்பியதைத் திருப்ப எந்த வங்கியும் இல்லை.

இந்தியாவில் இந்த மோகம் வேறு உருவத்தில் பெரிதாக வெடித்தது. பெட்டி வாங்கி வீட்டில் வைக்கும் தொல்லை வேண்டாம், எங்களிடம் இயந்திரம் இருக்கிறது, பிட்காயினைக் கொடுங்கள், தோண்டித் தருகிறோம் என்றது 'கெய்ன்பிட்காயின்'. மாதம் 10 சதவீதம், 18 மாதத்துக்கு. சீட்டுக் கம்பெனிகளால் சூடுபட்ட தாராவிக்காரர்களுக்கு இந்த ராகம் பழக்கமானதுதான். சொன்னபடி பிட்காயின் கொடுக்க முடியாமல் போனதும் தன் சொந்தத் தயாரிப்பான 'எம்கேப்' என்ற டோக்கனைக் கையில் திணித்தது. நிறுவனர் அமித் பரத்வாஜ் 2018-ல் கைதானார். 2022 ஜனவரியில் இறந்தார். மோசடியின் அளவு 6,600 கோடி ரூபாய் என்கின்றன விசாரணை அமைப்புகள். 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்குகளை சிபிஐ-யிடம் ஒப்படைத்தது. 2025 பிப்ரவரியில் 60-க்கும் மேற்பட்ட இடங்களில் நடந்த சோதனையில் சிக்கிய கிரிப்டோவின் மதிப்பு 23.94 கோடி. பட்டர்ஃபிளையிடம் பணம் கட்டியவர்களில் சிலருக்குத் தாமதமாகவாவது ஒரு பெட்டி வந்தது. இங்கே பணம் போட்டவர்களுக்கு இயந்திரத்தைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பே இல்லை.

சரி, மும்பையில் ஒருவர் இயந்திரத்துக்குப் பணம் கட்டி, அது வராமலே போனால்? நுகர்வோர் ஆணையம் என்பதுதான் சட்டென்று தோன்றும் பதில். 2019-ம் வருடச் சட்டம் இதில் தாராளமானது. வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு வருடம். இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தொடர்ந்து சரக்கு விற்கும் வெளிநாட்டுக் கம்பெனியும் 2020-ம் வருட மின்வணிக விதிகளுக்குக் கட்டுப்பட்டதே. (ஷென்ஜெனில் இருக்கும் கம்பெனியிடம் அந்த உத்தரவை யார் நிறைவேற்றுவது என்பது வேறு கேள்வி.)

ஆனால் வாசலிலேயே ஒரு தடை உண்டு. 'வணிக நோக்கத்துக்காக' வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்கிறது சட்டம். இதன் எல்லையை வகுத்த முக்கியத் தீர்ப்பும், விசித்திரமாக, தாமதமாக வந்த ஓர் இயந்திரத்தைப் பற்றியதுதான். மகாராஷ்டிரத்தின் லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ், கோவையின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் ஒரு கடைசல் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தது. குறித்த தேதிக்கு ஆறு மாதம் கழித்து வந்தது, அதிலும் கோளாறு என்பது புகார். மாநில ஆணையம் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையம் அதை ரத்து செய்தது. 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், இது வணிகத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோர் அல்ல, சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு ஒரு ஜன்னலையும் திறந்து வைத்தது. டைப்ரைட்டரை வாங்கித் தானே டைப் அடித்துப் பிழைப்பவர், ஆட்டோவை வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே வாங்கினால் அது வணிகம் ஆகாது.

தாராவியில் தையல் மெஷின் வாங்கித் தானே மிதிப்பவர் தயக்கமில்லாமல் இந்த ஜன்னல் வழியாக நுழைந்துவிடலாம். பிட்காயின் இயந்திரம் வாங்கியவர்? அதை இயக்க ஆளே வேண்டாம். ஸ்விட்சைப் போட்டால் அது பாட்டுக்கு ஓடும். அதில் 'தானே உழைப்பது' எங்கே இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் பதில் சொல்வது சிரமம். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பக்க வருமானத்துக்காக நான்கு இயந்திரம் புக் செய்த செம்பூர்க்காரருக்கு அதைவிடச் சிரமம். வேலையில்லாமல், கடன் வாங்கி ஒரே ஒரு இயந்திரம் வாங்கிய இளைஞருக்கு நியாயம் ஓரளவு பக்கத்தில் நிற்கிறது. ஆகவே புகார் எழுதும்போது முதல் பத்தியிலேயே 'பிழைப்புக்காக வாங்கினேன்' என்பதைச் சொல்லி, அதற்கு ஆதாரமும் வைக்க வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டு, பிட்காயின் விலை ஏறியிருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பேன் என்ற கணக்கைப் பக்கம் பக்கமாக எழுதத்தான் ஆசைப்படுவார்கள். அந்தக் கணக்கே 'இது வணிகம்தான்' என்று எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லும்.

வருமான வரித் துறைக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. மைனிங் இயந்திரத்துக்கும் அமைப்புக்கும் ஆன செலவை அந்த லாபத்திலிருந்து கழிக்க முடியாது என்று மத்திய அரசு 2022 மார்ச்சிலேயே மக்களவையில் சொல்லிவிட்டது. இயந்திரம் ஒரு வருடம் தாமதமாக வந்து நஷ்டப்படுத்தினாலும், தோண்டியதை விற்றால் வரி முழுசாகத்தான்.

பிட்காயினை விட்டு ஈத்தரியம் தோண்ட கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள் ஒரு விதத்தில் தப்பித்தார்கள். 2021-ல் அந்த கார்டுகளுக்கு உலகம் முழுவதும் தட்டுப்பாடு. வீடியோ கேம் பிள்ளைகள்கூடத் திட்டித் தீர்த்தார்கள். 2022 செப்டம்பர் 15-ல் ஈத்தரியம் மைனிங் முறையையே கைவிட்டது. ஒரே நாளில் வேலை போன கார்டுகளைப் பழைய சரக்காக விற்கவாவது முடிந்தது. கேம் விளையாட வாங்குவோர் உண்டு. பிட்காயினுக்கென்றே செய்த சிப்புக்கு அந்த வழியும் இல்லை. அதற்கு அந்த ஒரு கணக்கைத் தவிர வேறு எதுவும் தெரியாது. லாமிங்டன் ரோடு கடைக்காரருக்கு அதனால் உபயோகமில்லை. காயலான் வியாபாரி திறந்து பார்த்தால், எடைக்குப் போடும்படி அதில் இருப்பது சூடு தணிக்க ஒட்டியிருக்கும் அலுமினியப் பட்டைகள்தான்.